முதல் வரியில் இருந்த பெயர்

(திருநெல்வேலிச் சீமையின் கிராமச் சபை ஒன்றில், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின மாலை நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது பந்தலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நாளை அசனம், ஊர்ப் பொதுவிருந்து. அசனத்துக்கு முந்தின நாள் பேச எழுகிறவன் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கேட்கிறவர்களின் காது இங்கே இருக்கும், மனசு அடுப்படியில் இருக்கும். ஆகவே சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன். அசனத்தைப் பற்றியும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வரலாறு என்றதும் நம் பக்கத்தில் கோபுரத்தைத்தான் காட்டுவோம். பாளையங்கோட்டைக்குப் போனால் ஊசிக்கோபுரம். மிஷனெரி ரேனியஸ் ஐயர் கட்டி, 1826 ஜூன் 26 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயம். இடையன்குடிக்குப் போனால் மிஷனெரி கால்டுவெல் 33 ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பி, 1880-ல் பிரதிஷ்டையான ஆலயம். மெய்ஞ்ஞானபுரத்தில் தேரிக்காட்டுக்கு நடுவே எழுந்து நிற்கும் கோபுரம். எல்லாவற்றையும் நானும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவன்தான். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு பேரேட்டைப் பற்றி.

1780-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் ஒரு பதிவேடு எழுதப்பட்டது. சபையைச் சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியல். மொத்தம் நாற்பது பெயர். கைக்குழந்தைகளையும் சேர்த்துத்தான் நாற்பது. நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. அவர்களும் ஒரே சாதிக்காரர்கள் அல்ல, பல சாதிக்காரர்கள். இன்று இரண்டு திருமண்டலங்களாக விரிந்து கிடக்கும் திருநெல்வேலித் திருச்சபையின் ஆதிக் குடும்ப அட்டை அந்தத் தாள்தான்.

1880-ல் நம் முன்னோர் திருச்சபையின் நூற்றாண்டைக் கொண்டாடினார்கள். எந்த ஆண்டிலிருந்து எண்ணினார்கள்? பாளையங்கோட்டையில் முதல் ஆலயம் எழும்பியது 1785-ல். அதை அவர்கள் தொடக்கமாக எடுக்கவில்லை. பெயர்கள் எழுதப்பட்ட 1780-ஐ எடுத்தார்கள். கட்டடம் வருவதற்கு முன்பே சபை இருந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் பிரதிஷ்டைப் பண்டிகை கொண்டாடும்போது சுண்ணாம்பையும் வண்ணப் பூச்சையும் முதலில் நினைக்கிறோம். அவர்கள் ஆட்களை நினைத்தார்கள்.

சரி, அந்த நாற்பதில் தலைப்பில் இருந்த பெயர் யாருடையது? குளோரிந்தா. நம் ஊர்ப் பேச்சில் பாப்பாத்தி அம்மாள். அவர் கட்டிய ஆலயத்தையும், அவர் பெயரால் வழங்கும் கிணற்றையும் பாளையங்கோட்டைக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் கதையை நம் ஞாயிறு பள்ளியில் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்லித் தருவார்கள். மெருகில்லாமல் ஒரு தரம் கேட்போம். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமணக் குலத்துப் பெண். இளம் வயதிலேயே விதவை. கணவனோடு சிதையேற்றப்பட இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பெருங்குளத்து அ. மாதவையா, கிறிஸ்தவரல்லாதவர், இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மனம் பறிகொடுத்து 1915-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். அந்த அதிகாரியோடுதான் குளோரிந்தா வாழ்ந்தார். அவர்களுக்குள் திருமணம் நடக்கவில்லை. அவரிடமிருந்தே வேதத்தையும் அறிந்துகொண்டார்.

தஞ்சாவூரில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணம் செய்யாமல் ஒருவரோடு வாழ்கிறாய், இந்த நிலையில் கொடுக்க முடியாது என்றார். அவரை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் காலத்து ஒழுங்கு அது. மனசறிந்து கடுமை செய்கிறவரும் அல்லர் அவர். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றும் ஒரு நிமிஷம் பாருங்கள். பிறந்த குலத்தின் வாசல் மூடிவிட்டது. தட்டிய வாசலும் திறக்கவில்லை. திறக்காத வாசலின் மேல் கோபம் கொண்டு அவர் திரும்பிப் போயிருந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

அவர் போகவில்லை. பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அதிகாரி காலமானார். 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் கேட்டார். இந்த முறை ஞானஸ்நானம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் அவரைச் சுற்றி நாற்பது பேர் கொண்ட ஒரு சபை. ஏழே ஆண்டுகளில் ஓர் ஆலயம். அதற்குப் பணம் திரட்டியவரும் முன்னின்று கட்டியவரும் அவரே. 1785-ல் அதைப் பிரதிஷ்டை செய்ய வந்தவர், ஒரு காலத்தில் மாட்டேன் என்று சொன்ன அதே சுவார்ட்ஸ் ஐயர்.

எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று தஞ்சாவூருக்கு ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்று இந்தச் சீமையின் மந்தைக்கு மேய்ப்பரானார். ஒரு தமிழரைத் திருநெல்வேலிக்குக் குருவாகக் கொண்டுவந்ததில் ஒரு விதவையின் விடாப்பிடிக்குப் பங்கு உண்டு.

இந்த மாலையில் நான் சொல்ல வந்தது இதுதான். நம் திருச்சபையின் பேரேட்டில் முதல் வரியில் இருக்கும் பெயர், சபை ஒரு தரம் வாசலிலேயே நிறுத்திவைத்த ஒருவரின் பெயர். பிரதிஷ்டைப் பண்டிகையில் கோபுரத்துக்கு விளக்கு போடும்போது இதை மறக்கக் கூடாது. இன்றைக்கு வாசலில் நிற்பது யார் என்று கேட்காமல் எந்தச் சபையும் தன் வரலாற்றை முழுசாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்த அதிகாரம் பனங்காட்டில். சாத்தான்குளம் பக்கத்துக்காரர் தாவீது சுந்தரானந்தம். தம் சொந்தச் சனங்களிடம் வேதம் சொன்னார். ஏற்றுக்கொண்டவர்கள் வீட்டை இழந்தார்கள், நிலத்தை இழந்தார்கள், அடி வாங்கினார்கள். விரட்டப்பட்டவர்கள் குடியிருக்க 1799-ல் கொஞ்சம் நிலம் வாங்கி ஓர் ஊர் அமைத்தார்கள். அதற்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் இருக்கும் துணிச்சலைப் பாருங்கள். குடியிருக்க இடமில்லாமல் ஓடிவந்தவர்கள், ஓலைக் குடிசை போட்ட கையோடு, இது முதல் ஊர் என்கிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் வரும் என்ற நம்பிக்கை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. வருங்கால விசுவாசத்தைப் பற்றி நான் தனியாக ஒரு பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. முதலூருக்குப் பேருந்து ஏறும்போது பலகையைப் படித்தால் போதும்.

சொன்னபடியே ஊர்கள் வந்தன. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், சுவிசேஷபுரம், டோனாவூர். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இதற்கு ஒரு ஏற்பாடு செய்தார். 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார். உபத்திரவப்படுகிறவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கித் தருவது அதன் வேலை. விசுவாசம் என்றால் தலைக்கு மேல் ஒரு கூரையும் காலுக்குக் கீழ் ஒரு துண்டு மண்ணும் சேர்ந்தது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

ரேனியஸ் ஐயரைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று தமிழ். 1830-களில் அவருடைய தமிழ் இலக்கண நூல் வந்தது. வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். நம் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது. ஆனால் ரேனியஸின் தமிழ் வழியாக வந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு அவரும் ஆசிரியர்தான். பின்னாளில் இதே பாளையங்கோட்டைப் பக்கத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கம்பனில் ஊறிய தம் தமிழை ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கித் தந்தார். நம் சபைத் தமிழில் பிறர் வீட்டு விளக்கின் வெளிச்சமும் இருக்கிறது.

இன்னொன்று கசப்பானது. 1835-ல் ரேனியஸ் ஐயருக்கும் அவரை அனுப்பிய மிஷன் சங்கத்துக்கும் உறவு முறிந்தது. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில் ஆங்கிலிக்க முறைதான் வேண்டுமா என்பது அதில் ஒரு காரணம். அவரோ லுத்தரன் மரபில் வந்தவர். சபைகள் இரண்டு பட்டன. உபதேசியார்கள் எந்தப் பக்கம் போவது என்று தவித்தார்கள். 1838-ல் அவர் காலமான பிறகே அந்தப் புண் ஆறத் தொடங்கியது. ஜூபிலி மலர்களில் இதை இரண்டு வரியில் தாண்டிவிடுவோம். நான் தாண்ட விரும்பவில்லை. நம் முன்னோரும் சண்டை போட்டார்கள். ஆனால் எதைப் பற்றிப் போட்டார்கள் என்று கவனியுங்கள். நம் ஆட்கள் சீக்கிரம் குருமாராக வேண்டும், அதற்கு எந்த வழி சரி என்பதைப் பற்றி. இன்றைய நம் வழக்குகளையும் தேர்தல் கட்சிகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை எனக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்கே தெரியும்.

இப்போது, நம் சபை கொடுக்கப் பழகிய விதத்தைச் சொல்ல, கைப்பிடி அரிசிக்கு வருகிறேன். என் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு கை அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போடுவாள். சில நாள் பானையில் அரிசி கம்மியாக இருக்கும். நான் எட்டிப் பார்த்து, “இன்னைக்கு வேண்டாமே பாட்டி” என்பேன். “அது நம்ம அரிசி இல்லல” என்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயம் கோயிலுக்குப் போகும். அதை மொத்தமாக விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். பனையேறிகளின் கருப்பட்டியும் இப்படித்தான் போனது. முருங்கைக்காய்க் கட்டும் சேவலும் ஏலத்தில் போவது இன்றும் நடக்கிறதே.

பெறுகிற கையாக இருந்த சபை, கொடுக்கிற கையாக மாறியது எப்போது? வெள்ளாளன்விளையில் பிறந்த இளைஞர் வே. ச. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கே? கடல் தாண்டி நம் கரைக்கு, தொண்டிப் பக்கத்துக்கு! அவர்கள் நமக்கு அனுப்புகிறார்கள், நாம் யாருக்கு அனுப்பினோம் என்று அசரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். போன இடம் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல். தேரிக்காட்டிலிருந்து போனவர்கள் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? தெலுங்கு எழுத்துப் படித்தார்கள்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்காரவில்லை அசரியா. 1909-ல் குடும்பத்தோடு தாமே போனார். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷன் மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிமார் நிறைந்த சபையில் எழுந்து, எவ்வளவோ கொடுத்தீர்கள், நட்பை மட்டும் தரவில்லை என்ற பொருள்படப் பேசினார். அது சபையில் சலசலப்பை உண்டாக்கியது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்திய அத்தியட்சராக, அதாவது பேராயராக, அபிஷேகம் பெற்றார். தோர்ணக்கல்லில் அவர் எழுப்பி 1939-ல் பிரதிஷ்டையான பேராலயத்தில் கோயில் மண்டபத் தூணும் மசூதி விதானமும் ஒன்றாக நிற்கின்றன. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடித் திருச்சபை ஐக்கியத்துக்கு அறிக்கை வெளியிட்டபோது அவர் அதில் முன்னணியில் இருந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1945-ன் முதல் நாளில் காலமானார். விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு. நம் வரலாறு முழுக்க அப்படித்தான்.

இனி வருங்காலம். மூன்று காரியங்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பேரேடு. நம் ஆலயத்தில் கல்வெட்டு இருக்கிறது. அதில் அத்தியட்சர் பெயர் இருக்கிறது, நன்கொடை தந்தவர் பெயர் இருக்கிறது. மாதச் சம்பளம் என்று சொல்லக் கூசும் தொகைக்கு ஊர் ஊராக நடந்த உபதேசியார் பெயர் எங்கே? வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த வேதாகமப் பெண்களின் பெயர்? முப்பது வருஷம் மணியடித்தவர் பெயர்? வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இந்த வருஷம் கையில் போனை எடுத்துக்கொண்டு எண்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். அவர்களுக்கு நினைவிருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். 1780-ல் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து நாற்பது பெயர் எழுதியதால்தான் இன்று நான் பேச முடிகிறது. நம் பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள், சபை சிறுத்துப் போகிறது என்று வருத்தப்படுகிறோம். போனவர்களின் பெயரும் விலாசமும் எந்த நோட்டில் இருக்கிறது? பண்டிகைக் காணிக்கை கேட்க மட்டும் அவர்களைத் தேடினால் போதாது.

இரண்டாவது, பெண்கள். ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்கிய சபை நம்முடையது. ஆனாலும் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் குருப்பட்டம் பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் பேராயராக 2013 வரை ஆனது. குளோரிந்தா பெயரைப் பேரேட்டின் தலையில் எழுதிய நாளிலிருந்து இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். நம் சேகரக் கமிட்டியில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தாய்மார் சிரிக்கிறார்கள், பதில் கிடைத்துவிட்டது.

மூன்றாவது, வாசல். நாற்பது பேரில் பல சாதியார் இருந்தார்கள் என்று சொன்னேன். அதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினீர்கள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட நம் பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று பேர், பண்டிகைக்குக்கூட ஊருக்கு வராமல் இருக்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மணவாழ்க்கை முறிந்து தாய்வீடு வந்த பெண், ஆராதனை தொடங்கின பிறகு வந்து கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து போய்விடுகிறாள். ஏன்? யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான். இவர்கள் எல்லாரும் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் வாசலில் நின்ற பெண்ணின் வம்சம். இவர்களில் யார் நாளைக்கு நமக்கு ஆலயம் கட்டுகிறவர் என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தையும் பாருங்கள். இந்த ஆலயத்துக்குப் பின்னால் எழும்பும் சமூகக்கூடத்துக்குச் சாந்து குழைக்கிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள். பந்தலுக்கு வெளியே நின்று நாம் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றிருபது ஆண்டுக்கு முன் நம் தாத்தாமார் தெலுங்கு படித்துக்கொண்டு, ரயிலேறி அடுத்த மொழிக்காரனைத் தேடிப் போனார்கள். இன்று அடுத்த மொழிக்காரன் ரயிலேறி நம் வாசலுக்கே வந்து நிற்கிறான். “சாப்பிட்டாயா தம்பி” என்று அவன் மொழியில் கேட்க நம்மில் ஒருவருக்காவது தெரியுமா? நான் மதம் மாற்றச் சொல்லவில்லை, நட்பைச் சொல்கிறேன். எடின்பரோவில் அசரியா கேட்டது அதைத்தான். அன்றைக்குக் கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்றைக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

சரி, அசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை என்றேனே. அசனத்துக்கு ஓர் அழகு உண்டு. ஊரெல்லாம் அரிசி தரும், ஊரெல்லாம் வந்து சாப்பிடும். யார் அரிசி எந்த இலையில் விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முதல் பந்தியில் யார் உட்காருவார்கள் என்று மட்டும் எப்போதும் சொல்லிவிடலாம். மேடையில் இருக்கிறவர்கள். அதாவது நாங்கள்.

நாளைக்கு ஒரு மாற்றம் செய்து பார்ப்போம். பேரேட்டின் முதல் வரியை யாருக்குக் கொடுத்தார்களோ, பந்தியின் முதல் வரிசையையும் அவர்களைப் போன்றவர்களுக்கே கொடுப்போம். சாந்து குழைக்கும் தம்பிமாரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வராமல் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள், காலையில் பஸ் இருக்கிறது. கடைசிப் பாட்டுக்கு முன் எழுந்து போகிற அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஒரு தாய் பக்கத்தில் இருத்திக்கொள்ளட்டும். அவர்கள் இலையில் முதல் கரண்டி விழட்டும்.

எனக்கு இரண்டாம் பந்தி போதும்.